காலடிப்பேட்டையின் முதல் குடிகள்

வடசென்னையில் இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" தொழிற்சாலை வேலைக்காகத் தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பத்தாரும், தாம் ஒருநாளும் வசித்தறியாத ஒரு சிற்றூரின் பெயரையே சொல்வர். அங்கிருந்த கிணறும் விற்றுவிட்ட காணியும் பேச்சில் வந்து சேரும். திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையில் இவ்வுரையாடல் நிகழும்போதெல்லாம், அவ்வூரின் முதல் குடிகள் நம் நினைவுக்கு வருகின்றனர்.

1708-இல் நவாப் தாவூத்கான் ஆங்கிலேயக் கும்பினிக்கு அளித்த ஐந்து ஊர்களுள் திருவொற்றியூரும் ஒன்று. இடையில் கைநழுவிய அவ்வூர்கள், மொகலாய மன்னர் பரூக்சியாரின் ஆணையைக் கொண்டு 1717-இல் மீண்டும் கும்பினி வசமாயின. அவ்வாண்டு முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளரையும் துணிக்குச் சாயமெழுதுவோரையும் இங்கே குடியமர்த்தினார். காலெட் பேட்டை நம் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆளுநரிடம் பணிபுரிந்த வீரராகவர் என்பவர் காஞ்சி வரதரை நாள்தோறும் சென்று வழிபட்டதாகவும், அவர் பொருட்டே இங்குள்ள கல்யாண வரதராசர் கோயிலை ஆளுநர் எழுப்பியதாகவும் தலமரபு கூறும்.

நெசவாளருக்குத் தெருவும் தொழிற்கூடமே. நூலைப் பாவாக நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, நீவி உலர்த்த நீண்ட தெரு வேண்டும். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். அது ஒருவர் கையால் ஆகிற காரியமன்று. எனவே நெசவாளர் தனியே குடிபெயர்வதில்லை. உறவினரும் அயலாருமாகவே பெயர்வர். கும்பினிக்கு வேண்டியதோ ஏற்றுமதிக்கான துணி. அத்துணி, தம் பிழைப்பைக் கெடுக்கிறதென்று 1719-இல் இலண்டன் நெசவாளர் கிளர்ந்தெழுந்து, அதை உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். அந்நெசவாளர் வாழ்ந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயியின் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த குடும்பங்கள் பல இருந்தன என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புல்வெளி நிலத்தில் ஐந்தாண்டு தங்கி உழுதவருக்கு 160 ஏக்கர் உரிமையாயிற்று. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் அது. ஆயினும் குடியேறியவரின் பெயர் பத்திரத்தில் ஏறியது; பேரப்பிள்ளைகள் இன்றும் அதை எடுத்துக் காட்டுகின்றனர். நம் பேட்டைக்கோ ஆளுநரின் பெயர் வாய்த்தது. பாவு நீட்டியவர்களின் பெயர்களை அவ்வூர்ப் பெயர் சொல்வதில்லை.

முதற்பலனைக் காணிக்கையாக்க வரும் இஸ்ரயேலர், நாடோடியாய் அலைந்த தம் மூதாதையை முதலில் நினைவுகூர வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். கூடையோடு குடும்பக் கதையும் பீடத்தின் முன் வைக்கப்படுகிறது. அதனால், இல்லம் மந்திரிக்கும்போது முதலில் இங்கு வந்தவரின் பெயரையும் ஊரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியுள்ளோம். அண்மையில் ஒரு முதியவர் தம் தாத்தாவின் பெயரை உடனே சொன்னார். பாட்டியின் பெயரைக் கேட்டோம். நெடுநேரம் யோசித்தார். "ஆயான்னே கூப்பிட்டுட்டோம், சாமி" என்றார்.