துப்பாக்கிக்கு நெய் போதுமா?

துப்பாக்கிக்குத் தனி எண்ணெய் எதுக்கு, வீட்ல இருக்கறதே போதாதான்னு சிலர் கேப்பாங்க. 1857-லயும் இதே பேச்சு வந்தது.

என்ஃபீல்டு ரைபிளில் குழலின் வாய் வழியாகத்தான் தோட்டாவை இடித்து இறக்கணும். வழுக்கி இறங்க, உறையில் கொழுப்பு பூசினார்கள். உறையைப் பல்லால் கடிச்சுப் பிரிக்கணும். அது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா? ஜனவரியில் டம்டம்மில் சந்தேகம் கிளம்பியது. கடைத்தெருவில் கிடைப்பதைச் சிப்பாய்களே வாங்கிப் பூசட்டும் என்றார் ஜெனரல் ஹியர்சி. ஜனவரி 27-ல் அரசும் ஒத்துக்கொண்டது.

என்ஜினியரா பார்த்தா மேட்டர் முடிஞ்சுது. நெய்யும் மெழுகும் நல்லாவே வழுக்கும். ஆனா சந்தேகம் உறைக் காகிதத்தோட பளபளப்பு மேல தாவிடுச்சு. ஏப்ரல் 24-ல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். இத்தனைக்கும் அது அவங்களுக்குப் பழக்கமான பழைய தோட்டாதான்! மே 9-ல் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாளே கிளர்ச்சி வெடித்தது.

எண்ணெயை மாத்திடலாம். போன நம்பிக்கைக்கு எதைப் பூசறது?