சுழன்றால்தான் நேர்: ரைபிள் புரி பிறந்த கதை

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஆயுதக் கொட்டடியில் ஒருகாலத்தில் வளரித் தடிகள் இருந்தன. பிறை வடிவம், ஒரு முனை கனம், மறுமுனை லேசு. லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில முறை சுழற்றி வீசுவார்கள். முயலும் காட்டுக்கோழியும் ஒரே வீச்சில் விழும். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்தபோதே, கைதேர்ந்த வளரிக்காரர்கள் இங்கே அருகிவிட்டார்கள். எறியும் பொருள் சுழன்றால் குறி தப்பாது என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கி அதே பாடத்தைக் கற்க நெடுங்காலம் பிடித்தது.

பழைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. ஈய உருண்டை அதைவிடச் சற்றுச் சிறியது. வெடித்ததும் உருண்டை குழலின் சுவரில் இங்கும் அங்குமாக மோதிக்கொண்டு வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பத் தாறுமாறாகச் சுழலும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்பவன் மேல் பட்டால் அது அதிர்ஷ்டம்.

இதற்கு மாற்று கண்டவர்கள் படைத்தளபதிகள் அல்லர், பட்டறைக்காரர்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மன் மொழி பேசும் ஊர்களின் கொல்லர்கள் குழலுக்குள் பள்ளம் கீறினார்கள். வெடிமருந்துக் கரி தங்குவதற்காகவே முதலில் நேர்ப்பள்ளம் போட்டார்கள் என்று ஒரு கருத்து உண்டு. அந்தப் பள்ளத்தைத் திருகாக வளைத்தபோது புரி பிறந்தது. குண்டு பம்பரம்போல் தன் அச்சிலேயே சுழன்றுகொண்டு நேராகப் போனது. ஏன் போனது என்று அவர்களால் விளக்க முடியவில்லை. வேட்டைக்காரர்கள் வாங்கினார்கள், அவ்வளவுதான். புரியில் இறுகப் பிடிக்கும்படி உருண்டையை அடித்து இறக்க வேண்டியிருந்ததால் குண்டு நிரப்ப நேரமானது. அதனால் படைகள் மஸ்கட்டை விடவில்லை.

காரணத்தைச் சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-இல் பிறந்த கணிதர். குண்டின் வேகத்தை அளக்க ஊசல் ஒன்றை உருவாக்கி, 1742-இல் பீரங்கிக் கலை பற்றி நூல் எழுதினார். அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவுரை எழுதியவர் கணித மாமேதை ஆய்லர். ராபின்ஸ் செய்த ஒரு சோதனை அழகானது. மஸ்கட் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது. தூரம் போகப்போகத் திரும்பி வலப்பக்கம் விழுந்தது. குழலில் உருண்டு பெற்ற சுழற்சியால் காற்று அதை ஒருபக்கம் தள்ளியது. அப்படியானால் சுழலும் அச்சு போகும் திசையிலேயே அமைந்துவிட்டால் பக்கவாட்டில் தள்ள ஏதுமில்லை. புரி செய்வது அதைத்தான். 1747-இல் ராயல் கழகத்தின் முன் இதை விளக்கி, புரிக்குழலின் அருமையை முதலில் உணரும் நாடே போரில் மேலோங்கும் என்றும் சொன்னார்.

அந்த மனிதர் வாழ்ந்து முடித்தது நம் மண்ணில். கோட்டைகளைச் செப்பனிட கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-இல் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தார். 1751 ஜூலையில் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். அதே ஆண்டு மூண்ட திருச்சி முற்றுகையில் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அந்தப் போரில் சிப்பாய்கள் ஏந்தியது புரியில்லாத மஸ்கட்தான். ராபின்ஸின் சொல் பலிக்க இன்னும் நூறு ஆண்டு ஆனது. 1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே, எளிதில் இறங்கி, வெடிக்கும்போது விரிந்து புரியைப் பிடிக்கும் கூம்புக் குண்டைச் செய்தார். அதன் வழிவந்த என்பீல்டு ரைபிளின் தோட்டாக்கொழுப்புதான் 1857 எழுச்சிக்குத் தீப்பொறியானது.

இன்று திருச்சியில் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையே இருக்கிறது. ஆனால் குழலை வீட்டில் வைத்துத் திருத்திப் பார்க்கும் ஆசைக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடம் தராது. துப்பாக்கி செய்யவும் பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். அந்தக் கண்டிப்பு சரியானதே. புரி குண்டுக்குக் குறியை மட்டும் தரவில்லை, தூரத்தையும் தந்தது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் நார்த்தாமலை அருகே துப்பாக்கிப் பயிற்சி நடந்தபோது, பசுமலைப்பட்டியில் தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். குண்டு எதுவரை போகும் என்பதைக் கணக்கிட ராபின்ஸ் 1742-இலேயே வழி காட்டிவிட்டார். சுடுதளம் அமைக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். குறி பார்ப்பது அதற்குப் பிறகுதான்.