ஒன்பதும் எட்டும்: பர்மியச் சோதிடமும் அதிகாரமும்

சோதிடத்தை 'மூடநம்பிக்கை' என்று ஒற்றைச் சொல்லில் மூடிவிடுகிறோம். அது யார் கையில் என்னவாகிறது என்று கேட்பதில்லை.

யாங்கோனில், சூலே பகோடா அருகே ஒரு சோதிடர்முன் உட்கார்ந்தேன். புதன்கிழமை பிறந்தவன் என்றதும் 'காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா?' என்றார், கூடவந்த நண்பர் மொழிபெயர்த்தார். அங்கே புதனை இரண்டாகப் பிரித்து, பிற்பகலை ராகுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக, எட்டுப் பிறந்தநாள்கள். என் நாளுக்குரிய மூலையில் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சாமானியனுக்குக் கிடைப்பது அந்தக் குவளையளவு ஆறுதல்தான்.

அரசின் கையில் அதுவே ஆணையாகிறது. 1948 ஜனவரி 4 அதிகாலை 4.20 என்று விடுதலைக்கு நேரம் குறித்தவர்கள் சோதிடர்கள். 1962இல் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின்னுக்கு ஒன்பது ராசியான எண் என்பது ஊரறிந்த பேச்சு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகள் ஈடில்லாமல் செல்லாதவையாயின. ஒன்பதால் வகுபடும் 45ம் 90ம் வந்தன. சனங்களின் சேமிப்பு வெறுங்காகிதமாச்சு.

எதிர்ப்பும் ஓர் எண்ணை எடுத்தது: 8.8.88. அன்று நாடு முழுக்க வேலைநிறுத்தம், ராணுவம் சுட்டது. ஒன்பதை எட்டு வென்றதென எழுத ஆசைதான். ஆனால் செப்டம்பரில் ராணுவமே மீண்டும் ஆட்சியில் உட்கார்ந்தது. தெருவோரச் சோதிடரைக் கேலிசெய்வது சுலபம்; கஜானாவுக்கு நாள் குறிப்பவரை யார் கேட்பது?