சில்லுக்கும் லினக்சுக்கும் நடுவே ஒரு டிரைவர்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் நின்றுகொண்டு "டிரைவர் இல்லை" என்று சொன்னால், ஏதோ ஒரு லாரி புறப்படவில்லை என்றுதான் எவரும் பொருள் கொள்வர். லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய ஒரு மாணவர் அதே சொற்களைச் சொன்னால் பொருள் வேறு. அவருடைய மடிக்கணினி கம்பியில்லா இணைப்பு எதையும் கண்டுகொள்ளவில்லை என்பதே அது.

இந்த இரண்டாவது டிரைவரை லாரி ஓட்டுபவரோடு ஒப்பிடுவதைவிட மண்டித் தரகரோடு ஒப்பிடுவதே பொருந்தும். மகாராஷ்டிரத்திலிருந்து பெரிய வெங்காயம் ஏற்றி வந்தவருக்குத் தமிழ் தெரியாது; மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு மராத்தி தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்றால் மூட்டைகள் இறங்கும். கணிப்பொறியில் அந்த நடுவரின் வேலையைச் செய்வது இயக்கி நிரல்.

கம்பியில்லாச் சில்லுக்குள் எண்களை எழுதிவைக்கும் சிறு அறைகள் பல உள்ளன. ஓர் அறையில் ஓர் எண்ணை எழுதினால் அலைவரிசை மாறும்; மற்றோர் அறையில் எழுதினால் ஒலிபரப்பு வலிமை கூடும். எந்த அறையில் எந்த எண் என்பதே அச்சில்லின் மொழி. அதைப் படைத்த நிறுவனம் சொல்லாவிட்டால் பிறர் அறிய வழியில்லை. திருச்சிக்குத் தென்மேற்கே மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா? அருகில் நிற்பவருக்குத் துண்டு தெரியும், விலை தெரியாது. லினக்ஸ் பயன்படுத்துவோர் பல ஆண்டுகள் அப்படி அருகில் நின்றவர்களே.

இந்தக் குறை லினக்சைவிட மூத்தது. 1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும் ஒரு ஜெராக்ஸ் அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்ததற்கு இந்த மறுப்பும் ஒரு காரணம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் அத்திட்டத்தோடு இணைந்தது. ஒரு பெரிய இயக்கமே பிரிண்டர் டிரைவர் சண்டையில் முளைத்தது என்றால் சிரிப்பு வரலாம். தாள் சிக்கிய அனுபவம் உள்ளவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 என்னும் தரம் 1997இல் வெளிவந்தது. தொடக்ககால அட்டைகள் சிலவற்றுக்கு லினக்சில் நல்ல இயக்கிகள் இருந்தன. தொல்லை 2003 வாக்கில் முற்றியது. அவ்வாண்டு மார்ச் மாதம் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ மடிக்கணினிகளை அறிமுகப்படுத்தியபோது, அவற்றின் கம்பியில்லாச் சில்லுக்கு லினக்ஸ் இயக்கி தரப்படவில்லை. அது 2004இல்தான் வந்தது. பிராட்காம் நிறுவனச் சில்லுகளுக்கோ அதுவும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. பிராட்காம் சில்லைக் கொண்ட லிங்க்சிஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரவுட்டர் ஒன்று உள்ளுக்குள் லினக்சிலேயே ஓடியது! 2003இல் ஆர்வலர்கள் இதைக் கண்டறிந்து, லினக்சின் உரிமத்தைச் சுட்டிக்காட்டி மூலநிரலைக் கேட்டனர். கிடைத்தது, ஆனால் சில்லின் இயக்கி மட்டும் மூலமின்றி, இயந்திர எண்களாகவே இருந்தது. ஆக, அந்த நிறுவனத்தின் சில்லுகளுக்கு லினக்ஸ் இயக்கி எழுத முடியாது என்பதில்லை. எழுதப்பட்டிருந்தது, நமக்குத் தரப்படவில்லை.

காத்திருக்க மனமில்லாதவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். பான்டஸ் ஃபுக்ஸ் தொடங்கி, பின்னர் கிரிதர் பெம்மசானி வளர்த்த 'என்டிஸ்ராப்பர்', விண்டோசுக்கென்று எழுதப்பட்ட இயக்கியையே லினக்சுக்குள் ஓடவைத்தது. தன்னைச் சுற்றி இருப்பது விண்டோஸ் என்றே அந்த இயக்கி நம்பிக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான மடிக்கணினிகள் இப்படி இணையம் கண்டன. ஆயினும் கருநிரலுக்குள் மூலம் தெரியாத ஒன்றை விடுவது ஆபத்து. அது சறுக்கினால் முழுக் கணிப்பொறியும் உறைந்து நிற்கும், காரணமும் புரியாது.

மற்றொரு குழு நேர்வழியில் உழைத்தது. ரவுட்டரில் இருந்த அந்த எண்குவியலைப் பிரித்துப் படித்து, எந்த அறையில் என்ன எழுதப்படுகிறது என்று ஒரு சாரார் குறிப்பெடுத்தனர். அந்தக் குறிப்பை மட்டுமே பார்த்து வேறு சிலர் புதிய இயக்கியை எழுதினர். படித்தவர் எழுதவில்லை, எழுதியவர் அசலைப் படிக்கவில்லை. ஆகவே நகல் எடுத்ததாக எவரும் வழக்காட இயலாது. இவ்வாறு பிறந்த இயக்கி 2006 ஜூனில் லினக்ஸ் 2.6.17 பதிப்பில் இடம்பெற்றது. இயக்கி வரலாற்றில் இதைவிடப் பொறுமையான வேலையை நான் அறியேன்.

அத்தனை உழைத்தும் ஒரு முடிச்சு எஞ்சியது. சில்லுக்குள்ளேயே ஒரு சிறு செயலி உண்டு. அது ஓட வேண்டிய நிரலுக்கு நிலைப்பொருள் என்று பெயர். கணிப்பொறி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதைச் சில்லில் ஏற்றவேண்டும். அந்தக் கோப்பைப் பிறர் விநியோகிக்க பிராட்காமின் அனுமதி இல்லை. எனவே பயனரே நிறுவனத்தின் இயக்கியைப் பதிவிறக்கி, அதிலிருந்து நிலைப்பொருளை வெட்டி எடுக்கவேண்டும். பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு நிலைப்பொருள் வேண்டும்! வீட்டில் கம்பி இணைப்பு இல்லாத மாணவர், கோப்பைப் பிரௌசிங் சென்டரில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவர வேண்டியதாயிற்று. பெயர் தவறி வேறு கோப்பை எடுத்துவந்தால் மீண்டும் நடை.

நிறுவனங்கள் ஏன் மறைத்தன? போட்டியாளருக்கு அஞ்சியது ஒரு காரணம். மற்றொன்று சற்று நியாயமானது. அலைவரிசையையும் வலிமையையும் மென்பொருளே தீர்மானிப்பதால், மூலநிரலைத் திறந்துவிட்டால் தடைசெய்த அலைவரிசையிலும் ஒலிபரப்புவார்கள் என்று கூறப்பட்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்தும் விதி 2005இல் வந்தபோதுகூட, குறைந்த வலிமையுள்ள கருவிகளுக்கே அது பொருந்தியது. ஆனால் ஏத்தெராஸ் நிறுவனம் 2008இல் தன் புதிய சில்லுகளுக்கு மூலநிரலோடு இயக்கி வெளியிட்டது. அதனால் வானொலி அலைகள் குலைந்துவிடவில்லை. 2010 செப்டம்பரில் பிராட்காமும் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை அளித்தது. பழைய சில்லுகளுக்கு அந்தத் தன்னார்வலர்களின் இயக்கியே கதி.

இதே காலத்தில் லினக்ஸ் தமிழகப் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு சேர்த்து மாணவர் கைக்கு வந்தது. பாசுக்கு மூலமாக அமைந்தது டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு. மூலம் தெரியாத நிலைப்பொருளைத் தன் நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்று டெபியன் நெடுங்காலம் உறுதியாக நின்றது. கொள்கை தூய்மையானது, ஆனால் நிறுவும்போதே இணையம் அறுந்துபோனவர்கள் அதைப் பாராட்டவில்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்துக் கொள்கையை மாற்றினர். 2023 ஜூனில் வெளியான 12ஆம் பதிப்பின் நிறுவல் வட்டில் அந்தக் கோப்புகள் இடம்பெற்றன. அவற்றுக்குள் எழுதியிருப்பது என்ன என்பதை இன்றும் சில்லைச் செய்தவரே அறிவார்.