பெரியவர்களுக்கு மட்டும்: ‘எல்லாம் அடக்கம்’ கடற்கரை ரிசார்ட்டின் வரலாறு

அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மது, நீர்விளையாட்டு, இரவில் ஆட்டம்பாட்டம் என அத்தனைக்கும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரே தொகையாகப் பணம் கட்டிவிட்டு, சிறுவர்களைச் சேர்க்காத கடலோர விடுதியில் சில நாள் தங்கும் முறை இது. கரீபியத் தீவுகளிலும் மெக்சிகோவின் கரீபியக் கரையிலும் இன்று பெருந்தொழிலாக நடக்கிறது. அங்கெல்லாம் பெரும்பாலும் 18 வயது நிறைந்தவர்களுக்கே அனுமதி. ஐரோப்பாவில் பல விடுதிகள் 16 வயதுக்காரர்களையும் ஏற்றுக்கொள்கின்றன. வந்து இறங்கியதும் விருந்தினரின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதன் பிறகு பர்ஸை எடுக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை.

இந்த முறைக்கு இரண்டு மூலங்கள். ஒன்று, ஐரோப்பாவின் விடுமுறை முகாம். மற்றொன்று, அமெரிக்காவின் தேனிலவு விடுதி. இரண்டும் வந்து கலந்த இடம் ஜமைக்கா. கரீபியத்தில் எத்தனையோ தீவுகள் இருக்க, அந்தத் தீவில் அது நடந்ததற்கு வலுவான காரணம் உண்டு.

முதலில் ஐரோப்பா. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கெக்னெஸ் என்ற ஊரில் பில்லி பட்லின் 1936-இல் ஒரு விடுமுறை முகாமைத் திறந்தார். தங்குமிடம், சாப்பாடு, கேளிக்கை எல்லாவற்றுக்கும் வாரத்துக்கு ஒரே கட்டணம். 1938-இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்குப் பிரிட்டனில் சட்டம் வந்ததும் தொழிலாளர் குடும்பங்கள் இத்தகைய முகாம்களை நாடின. கையில் எண்ணி வைத்த பணத்தோடு வருகிற குடும்பத்துக்கு, வாரக் கடைசியில் எதிர்பாராத பில் வராது என்பதே பெரிய நிம்மதி. பிள்ளைகுட்டிகள் நிறைந்த முகாம்கள்தான் அவை. ஆனாலும் ‘எல்லாம் அடக்கம்’ என்ற ஏற்பாடு எளியவர்களின் தேவையிலிருந்து பிறந்தது என்பதை அவை காட்டுகின்றன.

போருக்குப் பிறகு, 1950-ஆம் ஆண்டின் கோடையில், மத்தியதரைக் கடலில் இரண்டு தனித்தனி முயற்சிகள் தொடங்கின. லண்டனில் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் தனி விமானம் வாடகைக்கு அமர்த்தி, கோர்சிகா தீவின் கால்வி ஊருக்குப் பயணிகளை அனுப்பினார். விமானம், கூடாரத்தில் படுக்கை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அதே ஆண்டு மயோர்கா தீவின் அல்குடியாவில் ழெரார் பிளிட்ஸ் தம் முகாமைத் தொடங்கினார். அதுதான் கிளப் மெடிடரானே. சுருக்கமாகக் கிளப் மெட்.

பிளிட்ஸ் 1912-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் பிறந்தவர், நீர்ப்போலோ வீரர். போரின் முடிவில், வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் உடல் தேறுவதற்கான இல்லம் ஒன்றில் பணியாற்றினார். வெயிலும் கடலும் பிறர் துணையும் மனிதரை எப்படி மீட்கின்றன என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். அல்குடியா முகாமில் ராணுவம் கழித்துப் போட்ட கூடாரங்கள்தான் இருந்தன. அவற்றைக் கொடுத்த குடும்ப நிறுவனத்தைச் சேர்ந்த ழில்பேர் திரிகானோ சில ஆண்டுகளில் தாமே கிளப்பில் சேர்ந்து, பின்னாளில் அதை உலக நிறுவனமாக வளர்த்தார். வேலை செய்பவர்களும் விருந்தினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டாக்டரா குமாஸ்தாவா என்று தெரியாதபடி எல்லாருக்கும் தாஹித்தித் தீவுப் பாணி இடுப்புத்துணி. டிப்ஸ் கூடாது. பாரில் குடிப்பதற்கு மட்டும் தனிக் கட்டணம். அதையும் கழுத்தில் மாட்டிய மணிமாலையிலிருந்து மணிகளைக் கழற்றிக் கொடுத்துத் தீர்த்தார்கள்.

பிளிட்ஸுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிற்காலத்தில் அவர் யோகத்தில் ஆழ்ந்து ஈடுபட்டார். சென்னையில் வாழ்ந்த யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சாரிடம் பயின்றார். ஐரோப்பிய யோக ஒன்றியத்துக்குத் தலைமை ஏற்று அந்தப் பயிற்சி முறை அங்கே பரவத் துணை நின்றார். விடுமுறை என்றால் உடம்பும் மனமும் புதுப்பிக்கப்படும் காலம் என்ற அவரது எண்ணம் கடைசிவரை மாறவில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் 1945-இல் புதுமணத் தம்பதியருக்கு மட்டும் என்றே ஒரு விடுதி ஏற்பட்டது. போர்முனையிலிருந்து திரும்பி மணம் முடித்த இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். அக்கம்பக்கத்தில் இதே போன்ற விடுதிகள் முளைத்தன. 1963-இல் மாரிஸ் வில்கின்ஸ் என்ற விடுதிக்காரர் இதய வடிவத்தில் குளியல் தொட்டி கட்டி அறைகளில் வைத்தார். அந்தத் தொட்டியின் படங்கள் பத்திரிகைகளில் வந்து நாடெங்கும் பேச்சானது. பிள்ளைகளை விலக்கி வைப்பதையே விற்பனைச் சரக்காக்கலாம் என்பதை அமெரிக்க விடுதித் தொழிலுக்குக் காட்டியது போகோனோதான். அங்கே இல்லாதது கடல் ஒன்றுதான்.

கடல் ஜமைக்காவில் இருந்தது. 1960-களின் தொடக்கத்திலேயே போர்ட் அன்டோனியோ அருகே ஃபிரெஞ்ச்மன்ஸ் கோவ் என்ற விடுதியில், பெரும் பணக்காரர்களுக்கு மட்டும், எல்லாவற்றையும் ஒரே பில்லில் அடக்கும் வழக்கம் வந்துவிட்டது. நடுத்தர வர்க்கத்துக்கு அதைக் கொண்டுவந்தது ஈசா குடும்பம். பாலஸ்தீனத்தின் பெத்லகேமிலிருந்து வந்து ஜமைக்காவில் வணிகத்தில் தழைத்த குடும்பம் அது. ஏப் ஈசா 1949-இல் ஓச்சோ ரியோஸ் அருகே டவர் ஐல் ஹோட்டலைத் திறந்திருந்தார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஜான் ஈசா 1976-இல் நெக்ரில் கடற்கரையில் பெரியவர்களுக்கான நெக்ரில் பீச் வில்லேஜைத் தொடங்கினார். பின்னாளில் அது ஹீடனிசம் 2 என்ற பெயரில், ஆடையின்றிக் குளிக்கத் தனிக் கரை ஒதுக்கிய விடுதியாகப் பேர் வாங்கியது. 1978-இல் டவர் ஐல் ஹோட்டலே கப்பிள்ஸ் என்று மாறியது: ஜோடிகளுக்கு மட்டும், மது உட்பட எல்லாம் அடக்கம். கிளப் மெட்டின் மணிமாலைக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று.

இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். 1976-இல் ஜமைக்காவில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. கிங்ஸ்டன் தெருக்களில் இரண்டு பெரிய கட்சிகளின் ஆயுதக் கும்பல்கள் மோதிக்கொண்டிருந்தன. 1980 தேர்தலையொட்டிய வன்முறையில் ஏறத்தாழ 800 பேர் கொல்லப்பட்டார்கள். கலவரம் பெரிதும் தலைநகரில் நடந்தது. விடுதிகள் தீவின் மறுகரையில் இருந்தன. ஆனாலும் அமெரிக்கச் செய்தித்தாள் வாசகருக்கு அந்தத் தூரம் தெரியாது. அறைகள் காலியாகக் கிடந்தன. மதிலும் காவலும் வைத்து, விருந்தினர் வெளியே போகவே தேவையில்லாதபடி சாப்பாட்டையும் மதுவையும் பாட்டையும் உள்ளேயே கொடுத்துவிட்டால் பயந்தவர்களும் வருவார்கள் என்று விடுதிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கு சரியாக வந்தது. ‘எல்லாம் அடக்கம்’ முறை கரீபியத்தில் வேரூன்றியதற்குச் சிக்கன ஆசையைவிட இந்த அச்சமே பெரிய காரணம்.

1981-இல் களமிறங்கியவர் கார்டன் ‘புட்ச்’ ஸ்டூவர்ட். ஏசி இயந்திரங்களையும் வீட்டுச் சாதனங்களையும் விற்றுப் பொருள் சேர்த்த ஜமைக்கர். ஹோட்டல் நடத்திப் பழக்கமில்லாதவர். மான்டிகோ பே நகரில் பாழடைந்து கிடந்த பே ராக் ஹோட்டலை வாங்கிப் புதுப்பித்து, 99 அறைகளோடு சான்டல்ஸ் என்று திறந்தார். பக்கத்திலேயே விமான நிலையம். மட்டமான மதுவைக் கொடுத்து மிச்சம் பிடிக்காமல் பெயர் பெற்ற மதுவகைகளையே தாராளமாக ஊற்றுவது, நீச்சல்குளத்துக்குள் நின்றபடியே குடிக்கப் பார் அமைப்பது, ஒரே பஃபே கூடத்துக்குப் பதில் பல உணவகங்கள் நடத்துவது என்று அவர் செய்த ஒவ்வொன்றையும் மற்றவர்கள் பின்பற்றினார்கள். ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, பகாமாஸ், பார்படோஸ், கிரெனடா என்று சான்டல்ஸ் பரவியது. 1994-இல் அவர் தலைமையிலான குழு ஏர் ஜமைக்கா விமான நிறுவனத்தையே வாங்கிப் பத்தாண்டு நடத்தியது. ஸ்டூவர்ட் 2021 ஜனவரியில் காலமானார். சிறு தீவின் வணிகர் ஒருவர் உலக நிறுவனங்களோடு போட்டியிட்டு நின்றது அந்த வட்டாரத்துக்கே பெருமையான செய்தி.

ஜோடிகளை மட்டும் சேர்ப்பதில் லாபக் கணக்கும் இருந்தது. பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதவர்கள் ஆண்டு முழுவதும் வருவார்கள். ஓர் அறையில் முழுக் கட்டணம் தரும் இருவர். தீவில் காலெடுத்து வைத்த 24 மணி நேரத்தில் கல்யாணம் செய்துகொள்ள ஜமைக்கச் சட்டம் இடம் தருவதால் திருமணமும் தேனிலவும் ஒரே பயணத்தில் முடியும். திருமண நாளைக் கொண்டாட அதே ஜோடி மறுபடி வருவதும் உண்டு.

ஆனால் யாரை ஜோடி என்று ஏற்பது என்ற கேள்வியில் சான்டல்ஸ் நீண்ட காலம் அநீதியாக நடந்துகொண்டது. ஆண்-பெண் ஜோடிகளுக்கு மட்டுமே இடம் என்ற விதி 2004 வரை நீடித்தது. பிரிட்டனில் எழுந்த கண்டனத்துக்கும் விளம்பரத் தடைக்கும் பிறகே அது கைவிடப்பட்டது. பிள்ளைகளை விலக்குவது இதற்கு நிகரானதா என்ற விவாதம் அண்மையில் பிரான்சில் வலுத்திருக்கிறது. சிறுவர்களை அனுமதிக்காத ஹோட்டல்களைத் தடை செய்யக் கோரும் குரல்கள் அங்கே நாடாளுமன்றம் வரை எட்டியிருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. சில நாள் அமைதியை நாடும் பெரியவர்களுக்குச் சில விடுதிகள் இருப்பதால், ஏராளமான குடும்ப விடுதிகளுக்குப் போகும் பிள்ளைகள் எதையும் இழப்பதில்லை.

ஜமைக்காவில் முளைத்தது மற்ற கரைகளுக்கும் பரவியது. மெக்சிகோ அரசு 1970-இல் கான்கூனைக் கட்டத் தொடங்கியபோது அந்த மணல் தீவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருந்தார்கள். இன்று அது லட்சக்கணக்கானோர் வாழும் நகரம். டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவில் 1981-இல் கிளப் மெட் வந்தது. 1984-இல் ஓலைக்கூரை வேய்ந்த தனியார் விமான நிலையம் வந்தது. 1985-இல் ஸ்பெயினின் பார்செலோ நிறுவனம் வந்தது. ஒரே நிறுவனமே பெரியவர்களுக்கு ஒரு பெயரிலும் குடும்பங்களுக்கு வேறொரு பெயரிலும் விடுதி நடத்துவது பிறகு வழக்கமானது: சீக்ரெட்ஸ் பெரியவர்களுக்கு, ட்ரீம்ஸ் குடும்பங்களுக்கு. இவ்விரண்டையும் நடத்திய குழுமத்தை 2021-இல் ஹயாட் 270 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் ஒரு காலத்தில் ஏறெடுத்தும் பாராத தொழில் இது.

இத்தகைய விடுதியில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையிலேயே குளக்கரைச் சாய்வு நாற்காலிகளில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் போட்டி நடக்கும். பகல் முழுக்க பஃபே. இரவில் இத்தாலிய, ஜப்பானிய உணவகங்களுக்குப் பல இடங்களில் முன்பதிவு வேண்டும். ஆண்கள் அரைக்கால் சட்டையில் போனால் உள்ளே விடமாட்டார்கள். ‘எல்லாம்’ என்பதில் மசாஜும் வெளியூர்ச் சுற்றுலாவும் பெரும்பாலும் சேராது. உறுப்பினர் திட்டம் விற்கும் முகவர் காலைச் சிற்றுண்டி தருவதாகச் சொல்லி உட்காரவைத்து நெடுநேரம் பேசுவதும் பல விடுதிகளில் உண்டு. 2011 முதல் அட்லாண்டிக் கடலில் பெருகிவரும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கோடை மாதங்களில் கரையொதுங்கி அழுகி நாறுகிறது. கடலில் கால் நனைக்கவே முடியாமல் போகும் நாட்களும் இருக்கின்றன.

மதிலுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. சாப்பாட்டுக்கு முன்பே பணம் கட்டிவிட்டவர் தெருமுனைக் கடையில் சாப்பிடமாட்டார். டாக்ஸிக்காரரும் கைவினைப் பொருள் விற்பவரும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். விமானம், முகவர், விடுதி மூன்றும் வெளிநாட்டுக் குழுமம் ஒன்றின் கையில் இருந்தால், விருந்தினர் கட்டிய பணத்தில் பெரும்பகுதி தீவுக்கு வந்து சேர்வதே இல்லை. மலிவான இறக்குமதிக்கு முன்னால் ஜமைக்க விவசாயி நொடித்துப்போனதையும் சுற்றுலாப் பயணியின் கண்ணுக்குத் தெரியாத வறுமையையும் ஸ்டெஃபனி பிளாக்கின் ‘லைஃப் அண்ட் டெட்’ ஆவணப்படம் 2001-இல் அழுத்தமாகப் பதிவு செய்தது. 2024 நவம்பரில் ஜமைக்காவின் பெரிய விடுதிகள் சிலவற்றின் ஊழியர்கள் சம்பளத்துக்காகவும் வேலை நிலைமைக்காகவும் வேலையை நிறுத்திப் போராடினார்கள்.

எல்லாவற்றிலும் வேதனையானது கரையின் கதை. மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து. வழியை அடைப்பவர்களுக்கு அபராதம் விதிக்க 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஜமைக்காவில் அப்படியல்ல. காலனி ஆட்சியில், 1956-இல் இயற்றப்பட்ட கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அலை தொடும் நிலத்தை அரசுடைமையாக்கியது. அங்கே இறங்கிக் குளிக்கும் பொது உரிமையை மக்களுக்குத் தரவில்லை. உரிமம் பெற்ற விடுதி வேலி போட்டுக்கொள்ளலாம். 1962-இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் அந்தச் சட்டம் தொடர்ந்தது. தாத்தா காலத்திலிருந்து நீந்திப் பழகிய கரைகள் ஒவ்வொன்றாக அடைபடுவதை எதிர்த்து அங்கே ஓர் இயக்கமே உருவாகி நீதிமன்றத்தில் வழக்குகள் நடத்துகிறது.

ஜமைக்காவுக்குப் போகிற தமிழர் ஒரு பொழுதாவது கேட்டைத் தாண்டி வெளியே வர வேண்டும். 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசேர்த்த மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி தெருவோரக் கடைகளில் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் காசு நேராக ஊர்க்காரர் கைக்குப் போகும். அறை எடுக்கும் முன்பே விடுதியிடம் ஒரு கேள்வியும் கேட்டு வைக்கலாம்: உங்கள் கரைக்கு ஊர்க்காரர்கள் வந்துபோக வழி விட்டிருக்கிறீர்களா?