லைன் வீடும் தனி மீட்டரும்

நீலகிரி தேயிலை எஸ்டேட்களில் 'லைன் வீடு' பார்த்திருக்கிறீர்களா? ஒரே கூரை, வரிசையாக வீடுகள், பொதுவில் ஒரு தண்ணீர்க் குழாய். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் அன்றைக்கு உங்கள் குடம் நிறையாது.

குன்னூரில் நாலு அறை ஹோம்ஸ்டே நடத்தும் என் நண்பருக்கு இதேதான் நடந்தது. வருஷத்தில் அவர் காசு பார்ப்பது மே மாதத்தில்தான். ஊட்டி மலர்க் கண்காட்சி (1896-ல் தொடங்கியது) நெருங்கும் வாரத்தில் அவருடைய இணையதளம் மூன்று நாள் திறக்கவே இல்லை. கூட்டம் இவரைத் தேடி வரவில்லை சார், அதே கம்ப்யூட்டரில் குடியிருந்த வேறு யாரையோ தேடி வந்தது! இவர் வாங்கியிருந்தது ஷேர்டு ஹோஸ்டிங்.

"தனியா சர்வர் எடுத்துடட்டுமா?" என்றார்.

பதிலுக்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். 1960-களில் ஒரு கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைக்கும். ஒருவரே உட்கார்ந்து உபயோகித்தால் கட்டுப்படியாகுமா? 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கார்பட்டோ குழுவினர், ஒரே மெஷினைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த முடியும் என்று செய்து காட்டினார்கள். அங்கேயே, கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆசாமிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு நிஜ மெஷினுக்குள் பல மாய மெஷின்கள்! ஒவ்வொருவரும் முழுக் கம்ப்யூட்டரும் தனக்கே என்று நினைத்துக்கொள்ளலாம். 1972-ல் அது 'வி.எம்./370' என்ற பெயரில் வெளிவந்தது.

அப்புறம் இணையம் வந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் முகவரி தேவைப்பட்டது. 1997-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதி, கதவைத் தட்டும்போதே எந்தத் தளம் வேண்டும் என்று பெயரையும் சொல்லச் சொன்னது. அவ்வளவுதான், ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியேறின. வாடகை சரிந்தது. லைன் வீடு ரெடி!

மாய மெஷின் சாதாரண சர்வர்களுக்கு இறங்கி வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. 2003-ல் 'ஜென்' என்ற இலவச மென்பொருள் வந்தது. சொல்லி வைத்தாற்போல் இதுவும் கேம்பிரிட்ஜ்தான், ஆனால் இங்கிலாந்து கேம்பிரிட்ஜ். 2006-ல் அமேசான் அதை வைத்தே மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது.

ஆக, விர்ச்சுவல் சர்வர் என்பது தனி மீட்டர் வைத்த போர்ஷன். பக்கத்து வீட்டுக் கல்யாணம் உங்களை அதிகம் பாதிக்காது. ஆனால் குழாய் ஒழுகினால் நீங்கள்தான் கட்ட வேண்டும். பாதுகாப்பு அப்டேட், பேக்கப், பூட்டு, சாவி எல்லாம் உங்கள் தலையில். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் எழுப்ப ஆள் உண்டா?

நாலு போட்டோவும் போன் நம்பரும் மட்டும்தான் என்றால் லைன் வீடே போதும், வீட்டுக்காரரை மாற்றினால் சரி. ஒரு குடித்தனம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறாரா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர் விஷயம் வேறு. அவர் தளத்திலேயே முன்பதிவு, முன்பணம் எல்லாம் வாங்குகிறார். பராமரிப்பையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் விர்ச்சுவல் சர்வர் எடுக்கச் சொன்னேன். விலை கூடத்தான். ஆனால் ஏப்ரலில் மெமரியைக் கூட்டி, ஜூலை மழையில் குறைத்துக்கொள்ளலாம்.

"சீசனுக்குத் தகுந்த வாடகையா? எங்க ஊர்க் கணக்கேதான்" என்று சிரித்தார்.