தெமோதரைப் புகையிரத நிலையம்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை நோக்கிப் புறப்படும் புகையிரதம் மருதானையை நீங்கியதும் தெமட்டகொடையை அடைகின்றது. அங்குள்ள இயந்திரக் கொட்டகையையும், அப்பாற் களனி ஆற்றுப் பாலத்தையும் கடந்து சமநிலத்தில் விரையும் வண்டி, பின்னர் மலையேறத் தொடங்குகின்றது. ஏறத்தாழ 180 மைல் நீளமான இப்பாதையின் கடைக்கோடியில், பதுளைக்கு முந்திய மூன்றாவது நிலையமாக உள்ளது தெமோதரை. கட்டடத்தை மட்டும் நோக்குவார்க்கு அது மலைநாட்டுச் சிறு நிலையங்களுள் ஒன்றே, வியக்க ஏதுமில்லை. ஆயினும், மேடையை விட்டுப் பதுளை நோக்கிச் சென்ற வண்டி, குன்றைச் சுற்றி வந்து அந்நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தினூடே ஓடுகின்றது. பாதை தன்னைத்தானே கடக்கும் இத்தகைய இடம் இலங்கையில் வேறில்லை.

இலங்கையின் முதற் பாதை 1865 ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் அம்பேபுசைக்குமிடையே போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. கோப்பியின் பொருட்டுத் தொடங்கிய அப்பாதை 1867 இற் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1894 இற் பண்டாரவளையையும் அடைந்தது. இதற்கிடையிற் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு எஞ்சியது சிறு தூரமே. ஆயினும் வண்டி பதுளை சேர்ந்தது 1924 இலேயாம். தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட மலைப்பாதையைச் சில பத்தாண்டுகளில் முடித்தவர்கள், இச்சிறு தூரத்துக்கு முப்பது ஆண்டு கொண்டனர். முதலாம் உலகப் போரும் இக்கால எல்லைக்குள் அடங்கும்.

நிலத்தின் இயல்பை நோக்கினால் இடர் விளங்கும். பட்டிப்பொலைக்கு அப்பாற் பாதையின் உச்சி ஆறாயிரம் அடிக்கு மேற்பட்டது. பதுளையோ ஏறக்குறைய இரண்டாயிரம் அடி உயரத்தில் உள்ளது. மலைநாட்டுப் பாதையிற் சரிவு 44 அடிக்கு ஓரடியினும் மிகலாகாது என்பது வரையறை. அதன்படி 100 அடி இறங்குவதற்கு 4400 அடிப் பாதை வேண்டும். நிலமோ அவ்வளவு பொறுமையுடன் இறங்கவில்லை. மேலும் இது ஐந்தரை அடி அகலப் பாதை. இரண்டடி அகலமேயுள்ள டார்ஜிலிங் பாதையிற்போலக் கூர்மையான வளைவுகளில் இவ்வண்டி திரும்பமாட்டாது. வண்டியை முன்னும் பின்னுமாக இழுத்து இறக்கும் முறையோ நேரத்தை விழுங்குவது. ஆகவே குன்றையே ஒரு திருகாணியாகக் கொண்டு பாதையை அதன்மேற் சுற்றினர். நிலையத்தை மேற்சுற்றிலும் சுரங்கத்தை அதன் அடியிலும் வைத்தனர். நிலையமும் சுற்றும் சுரங்கமும் ஒரே அமைப்பின் மூன்று உறுப்புகள் என்க.

இவ்வமைப்பு எவர் சிந்தனையிற் பிறந்தது? தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றியதைக் கண்ட பொறியியலாளருக்கு வழி புலப்பட்டதென ஒரு கதை வழங்குகின்றது. நீர்மின் திட்டத்தின் தந்தையெனப் போற்றப்படும் டி. ஜே. விமலசுரேந்திராவே இதனை வகுத்தார் என்பாரும் உளர். ஆனால் சுற்றுப்பாதை தெமோதரையிற் புதிதாகத் தோன்றியதன்று. அமெரிக்காவின் தெகாச்சாப்பியில் அது 1876 இலேயே அமைந்தது. சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட் மலைப்பாதை 1882 இற் சுருட்சுரங்கங்களோடு திறக்கப்பட்டது. பொறியியற் கல்வி பெற்ற ஒருவர் இவற்றை அறியாதிருத்தல் அரிது. ஆதலின் தலைப்பாகைக் கதையைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது; தள்ளிவிடுதலும் பொருந்தாது. மண்ணை வெட்டியும் கல்லைச் சுமந்தும் இப்பாதையை ஆக்கிய தொழிலாளரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவனையேனும் வரலாற்றினுள் நிறுத்தியது அக்கதை ஒன்றே.

இப்பாதை ஒற்றை வழிப்பாதை. எதிரெதிர் வரும் வண்டிகள் நிலையங்களிலேயே விலகவேண்டும். இருநிலையங்களுக்கு இடையே ஒரு வண்டிக்கு மேற் செல்லாதவாறு, நிலைய அதிபர் கையளிக்கும் வில்லையே சாரதிக்கு அனுமதிச்சீட்டாக நெடுங்காலம் விளங்கியது. தன் அடியில் ஓடும் பாதைக்கும் தெமோதரை நிலையமே காவலாயிற்று.

தேயிலை இறங்கிய வழியே மக்களும் இறங்கினர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. அதன்பின் தோட்டங்களை விட்டுத் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் சென்றோரை ஏற்றிய வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். பதுளையிலும் ஹாலிஎலையிலும் ஏறியோர் முதலில் நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்தினுட் புகுந்தனர். பின் குன்றை ஒருமுறை சுற்றி, அதே நிலையத்தின் மேடையை வந்தடைந்தனர். அதன் பின்னரே பாதை அவர்களை எல்லப் பக்கமாகக் கொண்டு சென்றது.